பிலாத்து எழுதாத கடிதம்

ஜூன் 9, 2009, செவ்வாய்

'செப்புத் தகட்டின் சாட்சி' நாவலை இரண்டாம் முறையாகப் படித்து முடித்தேன். சிவப்புப் பென்சிலால் நாற்பத்தொரு இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். நானூறு பக்கத்தில் நாற்பத்தொரு பொய்.

கதை இதுதான். நம் கடற்கரையில் ஒருவன் வலையில் செப்புத் தகடு ஒன்று சிக்குகிறது. தோமா அப்போஸ்தலர் தம் கையால் அதில் எழுதி வைத்திருக்கிறாராம்: இயேசுவின் கல்லறை காலியாக இருக்கவில்லை, உயிர்த்தெழுதல் என்று ஒன்று நடக்கவில்லை என்று. முந்நூறு வருஷம் கழித்து ரோமச் சக்கரவர்த்தி நிசேயா என்ற ஊரில் ஆயர்களைக் கூட்டி, ஓட்டெடுத்து, ஒரு மனிதனைத் தெய்வமாக்கி, தனக்குப் பிடிக்காத சுவிசேஷங்களைக் கொளுத்தினானாம். கடைசி நான்கு பக்கத்தில் சான்றுப் பட்டியல் வேறு. கதை எழுதுகிறவனுக்குச் சான்றுப் பட்டியல் எதற்கு?

திருநெல்வேலி பஸ்ஸில் மூன்று பேர் கையில் பார்த்தேன். நம் ஊர் கிருபைபுரத்தில் சபை வாலிபர்கள் கையிலும் இருக்கிறது. இவர்களுடைய பாட்டனார்கள் இந்த விசுவாசத்துக்காக வீடு எரிந்தும் நின்றவர்கள். பேரப்பிள்ளைகள் ஒரு கதைப் புத்தகத்துக்கு விழுந்துவிடுவார்கள் போலிருக்கிறது.

மறுப்பு எழுதப் போகிறேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை. ரயில் தபாலில் முப்பத்தாறு வருஷம் கடிதம் பிரித்தவன். சபைச் சரித்திரத்தை நானே படித்தேன், ஓடுகிற ரயிலில், தபால் பைமேல் உட்கார்ந்து. பட்டம் பெற்றவர்கள் யாரும் எழுதக் காணோம். ஆகவே நான்.

காற்று தொடங்கிவிட்டது. மணிக்கூண்டில் ஒரு பலகை கழன்று அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் சரி செய்வதாக இல்லை.

ஜூன் 11, வியாழன்

எங்கள் சபைப் போதகர் ஆல்வின் ஐயரைப் பார்க்கப் போனேன். மறுப்பை ஆலயத்தில் வாசிக்க ஒரு ஞாயிறு கேட்டேன்.

"அண்ணாச்சி, அது கதைதான? கதைக்குப் போயி மறுப்பு எழுதணுமா?"

"சான்றுப் பட்டியல் போட்ட பொறவு அது கதை இல்ல, ஐயரே."

"எமீமா வாலிபர் வகுப்புல அதத்தான் எடுத்துட்டு இருக்கா. நல்லாச் செய்யுதா. ஒரு நாள் வந்து உக்காந்து கேளுங்களேன்."

"நான் அவ வகுப்புல உக்காரணுமா?"

"தப்பா எடுத்துக்கிடாதீய."

அந்த வகுப்பு பன்னிரண்டு வருஷம் என்னுடையது. மூன்று வருஷத்துக்கு முன் என்னிடமிருந்து எடுத்தார்கள். நான் சத்தம் போடுகிறேனாம். பிள்ளைகள் கேள்வி கேட்கப் பயப்படுகிறார்களாம். சத்தியத்தைச் சொல்லும்போது சத்தம் வரத்தான் செய்யும்.

வீட்டில் என் மனைவி செல்வபாயிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளைய விடுங்க. அடுத்த மாசம் அவளுக்கு ஓலை வாசிக்கப் போறாவ. கன்யாகுமரிப் பக்கம் மாப்பிள்ளை. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு இப்பதான் ஒண்ணு கூடி வந்திருக்கு."

எங்கள் சபையில் கலியாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும், பெண்ணின் ஆலயத்திலும் மாப்பிள்ளையின் ஆலயத்திலும். தடை அறிந்தவன் எழுந்து சொல்லலாம். மூன்றாம் ஓலை தாண்டினால்தான் மணவறை.

அதற்கும் என் மறுப்புக்கும் சம்பந்தம் இல்லை. கீரையில் உப்பு கூடுதல்.

ஜூன் 14, ஞாயிறு

ஆராதனைக்கு முன் வாலிபர் வகுப்பு நடக்கும் ஹாலின் ஜன்னலோரம் நின்றேன். ஒளிந்து நிற்கவில்லை. வழியில் நின்றேன்.

ஒரு பெண் எழுந்து கேட்கிறாள்: "அப்போ நம்ம வேதத்த ஓட்டுப் போட்டுத்தான் சேர்த்தாங்களாக்கா?" எல்லோரும் சிரிக்கிறார்கள். எமீமா அதட்டவில்லை. அவளும் சிரிக்கிறாள். "நல்ல கேள்வி. சிரிக்காதீங்க. இதக் கேக்காம விட்டாத்தான் தப்பு" என்கிறாள்.

பதிலைக் கேட்க நான் நிற்கவில்லை. தேவை இல்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் ஆலயத்துக்குள் போனபின் ஹாலுக்குள் போனேன். மேசைமேல் அந்த நாவல் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு, ஓரத்தில் எண்கள். எந்த வரிகள் தெரியுமா? மிக மோசமான வரிகள். ஓட்டெடுப்பு, எரிப்பு, செப்புத் தகடு. விரும்பிப் படிக்கிறவர்கள்தான் இப்படிக் கோடு போடுவார்கள். மனப்பாடம் செய்யக்கூட எண் போட்டிருக்கிறாள்.

ஜூன் 15, திங்கள்

எமீமாவின் தகப்பன் தேவவரம் என்னோடு ரயில் தபாலில் இருந்தவன். 1991 சபைத் தேர்தலில் எனக்குக் கைதூக்குவதாகச் சொல்லிவிட்டு எதிராளிக்குத் தூக்கினான். அதன்பின் அவன் சாகும்வரை நான் பேசவில்லை. அடக்கத்துக்குப் போனேன். மண் போட்டேன்.

இதை இங்கே எழுதக் காரணம், நாளை யாராவது பழைய பகை என்று சொல்லக்கூடும். பகை இல்லை என்று பதிவு செய்கிறேன்.

ஜூன் 18, வியாழன்

ஆறு பக்கம் எழுதினேன். கிணற்று மோட்டார் ஓடவில்லை.

ஜூன் 22, திங்கள்

எழுத்து நன்றாக ஓடுகிறது.

நிசேயாவில் எந்தப் புத்தகத்தைச் சேர்ப்பது என்று பேச்சே எழவில்லை. அங்கே கூடிய ஆயர்கள் ஏறக்குறைய முந்நூறு பேர். விசுவாசப் பிரமாணத்தில் கையெழுத்துப் போட மறுத்தவர்கள் இரண்டே பேர். இதைப் போய் நூலிழை ஓட்டு என்கிறான். சக்கரவர்த்தி பிறப்பதற்கு நூற்றைம்பது வருஷம் முன்பே கிறிஸ்துவைத் தேவன் என்று பாடிக்கொண்டு செத்தவர்கள் உண்டு. ஓட்டுப் போட்டு உண்டாக்கியதற்காக முன்கூட்டியே எவனும் சாக மாட்டான்.

பத்தாம் பக்கத்தில் பெண்களைப் பற்றி எழுதினேன். காலியான கல்லறையை முதலில் பார்த்தவர்கள் பெண்கள். அந்தக் காலத்தில் பெண் சொல்லும் சாட்சிக்கு மதிப்புக் குறைவு. சீஷர்களே முதலில் நம்பவில்லை. கதை கட்டுகிறவனாக இருந்தால் ஆண்களை அல்லவா முதல் சாட்சியாக நிறுத்தியிருப்பான்? உண்மையாக நடந்ததால்தான் இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பத்தி எனக்கே பிடித்திருக்கிறது.

பன்னிரண்டாம் பக்கத்தில் கடைசி ஆணி. தேசாதிபதி பிலாத்து ரோமச் சக்கரவர்த்திக்கு எழுதிய கடிதம். பாதி நாளில் இருட்டியதையும், சிலுவையில் அறையப்பட்டவர் எழுந்ததையும், தீர்ப்புச் சொன்ன பிலாத்துவே ஒத்துக்கொள்கிறான். 1983-இல் ஒரு பழைய பத்திரிகையில் பார்த்து என் நோட்டில் பிரதி எடுத்தது. மணியாச்சி தாண்டி வண்டி நின்ற நேரத்தில் எழுதினேன். கண்ணீர் விழுந்து மை கலங்கிய இடம் இன்னும் தெரிகிறது. எதிரியின் வாயிலிருந்தே வந்த சாட்சி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

செல்வபாய்க்கு வாசித்துக் காட்டினேன்.

"மத்ததெல்லாம் கணக்குப் பாடம் மாதிரி இருக்கு. இந்தக் கடிதம் நல்லா இருக்கு, கதை மாதிரி" என்றாள்.

அவளுக்கு இதெல்லாம் புரியாது.

ஜூன் 25, வியாழன்

பதினான்காம் பக்கம் முடிந்தது. அதில் எழுதியது: 'இந்த நஞ்சு வெளியே மட்டும் இல்லை. நம் சபையின் வாலிபர் வகுப்பிலேயே ஓர் ஆசிரியை இதைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, பொய்யான வரிகளுக்குக் கோடிட்டுப் படிக்கச் செய்கிறார். கேட்பார் இல்லை.'

பெயர் போடவில்லை. அது நாகரிகம் அல்ல.

மாலையில் ஜெபத்துரை வந்தான். சிமெண்ட் கடைக்காரன், சபைக் கமிட்டி உறுப்பினன். கையெழுத்துப் பிரதியை நின்றபடியே புரட்டினான். முதல் பதின்மூன்று பக்கத்தை விரலால் தள்ளிவிட்டுப் பதினான்கில் நின்றான். இரண்டு தடவை படித்தான்.

"பேரு போடல. ஆனா யாருன்னு ஊருக்கே தெரியும். இது போதும் மாமா."

"எதுக்குப் போதும்?"

"சபைக்குத்தான். ஐநூறு பிரதி தூத்துக்குடியில நான் அடிச்சுத் தாரேன். நீங்க நாப்பது எடுத்துக்கிடுங்க. மீதி என் குடோன்ல இருக்கட்டும். எங்க குடுக்கணுமோ அங்க நான் குடுத்துக்கிடுதேன்."

அவன் போனபின் செல்வபாய் சொன்னாள்: "போன வருஷம் அவன் தம்பிக்குக் கேட்டு எமீமா வீட்டுல மாட்டேன்னுட்டாவ. ஞாபகம் இருக்கா?"

உலகத்தில் எல்லாவற்றுக்கும் பெண்களுக்குக் கலியாணக் காரணம்தான் தோன்றும்.

ஜூலை 1, புதன்

பிரதிகள் வந்தன. பதினாறு பக்கம். அட்டையில் 'இது கதை அல்ல' என்று ஒரு வரி, கீழே என் பெயர்: ஞா. தவசிமணி. கெட்டியான தாள்.

சுற்றிலும் உள்ள திருமண்டலங்களின் சபை ஐயர்மாருக்கு நாற்பது உறை எழுதினேன். பின்கோடு ஒன்றுக்குக்கூடப் பட்டியல் பார்க்கவில்லை. ஓய்வு பெற்றுப் பதினாறு வருஷம் ஆகியும் விரல் மறக்கவில்லை. எண் வரிசையில் அடுக்கிக் கட்டினேன். பிரிக்கிறவனுக்கு வேலை மிச்சம். கன்னியாகுமரி மாவட்டம் 629-இல் தொடங்குவதால் அந்தப் பக்கத்துக்கு உள்ள உறை கடைசியில் வந்தது. அதைக் கடைசியில் எழுதினேன்.

தபால் பெட்டி மூன்று மணிக்குத் திறப்பார்கள். இரண்டே முக்காலுக்குப் போட்டேன்.

ஜூலை 5, ஞாயிறு

முதல் ஓலை. தேவவரத்தின் மகள் எமீமா, மாப்பிள்ளை கிளாட்சன். ஊர்ப் பெயரை ஐயர் வாசித்தபோது செல்வபாய் பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள்.

வீட்டில் கேட்டாள்: "அந்த ஊர் ஐயருக்கும் அனுப்பிட்டியளா?"

"நாப்பதுல ஒண்ணு."

"மாப்பிள்ளை எந்த ஊர்னு போன மாசமே உங்ககிட்ட சொன்னேன்."

"கன்யாகுமரிப் பக்கம்னுதான் சொன்ன."

"ஊரும் சொன்னேன்."

சொல்லியிருக்கலாம். எனக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை.

ஜூலை 7, செவ்வாய்

நாவலின் பக்கங்களைக் கிழித்து எமீமா வீட்டுக் கேட்டில் பசைபோட்டு ஒட்டியிருக்கிறார்கள். நடுவில் என் பதினான்காம் பக்கமும் இருந்ததாம். செல்வபாய் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். எமீமாவின் அம்மா வசந்தா வெந்நீர் ஊற்றிச் சுரண்டிக்கொண்டிருந்தாளாம். பக்கத்து வீட்டார் யாரும் வெளியே வரவில்லையாம்.

நான் எழுதியது வாசிப்பதற்கு. ஒட்டுவதற்கு அல்ல. ஒட்டியவன் செய்ததற்கு நான் பொறுப்பில்லை.

மாலையில் கடைத்தெருவிலிருந்து வரும் வழியில் நான்கு இளைஞர்கள் என்னைப் பார்த்து எழுந்து நின்று தோத்திரம் சொன்னார்கள். இதுவரை அவர்கள் எனக்கு எழுந்ததில்லை.

ஜூலை 9, வியாழன்

எமீமா வந்தாள். நான் உட்காரச் சொல்லவில்லை. அவளே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, உங்க புஸ்தகம் ரெண்டு தடவ படிச்சேன். பெண்கள் சாட்சியப் பத்தி எழுதினது ரொம்ப நல்லா இருக்கு. எனக்கு அது தோணவே இல்ல."

"பத்தாம் பக்கம்" என்றேன்.

"பன்னிரண்டாம் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு. பிலாத்து கடிதம். அது பிலாத்து எழுதினது இல்ல. நூறு, இருநூறு வருஷம் கழிச்சு யாரோ பக்தியில கட்டி எழுதினது. எல்லா ஆராய்ச்சிக்காரங்களும் ஒத்துக்கிட்டது. அந்த நாவல் எழுதினவருக்குத் தெரிஞ்சா இத ஒண்ண வச்சே மிச்சம் எல்லாத்தையும் சிரிச்சுத் தள்ளிருவாரு."

"நான் மீசை நரைச்சவன். நீ பிறக்கிறதுக்கு முந்தியே அந்தக் கடிதத்தப் படிச்சவன்."

"சரி பெரியப்பா. பதினாலாம் பக்கம்?"

"அதுக்கென்ன?"

"அது நான்தான?"

"பேரு போடல."

அவள் சிரித்தாள். தேவவரத்தின் சிரிப்பு, உதட்டின் ஒரு பக்கம் மட்டும். "நான் கோடு போட்டது எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. மூணு தெரு தள்ளித்தான இருக்கேன்."

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். "அந்த நம்பருக்கெல்லாம் பதில் இதுல இருக்கு. மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து ரெண்டு நாளா போன் வரல பெரியப்பா. நீங்க அந்த ஊர் ஐயருக்கு ஒரு வரி எழுதினா இந்தப் பேச்சு நிக்கும். வேற யாரு எழுதினாலும் நிக்காது."

"எழுதினது எழுதினதுதான்" என்றேன்.

அதைச் சொன்னபின்தான் அது சிலுவைமேல் எழுதியதை மாற்றக் கேட்டவர்களுக்குப் பிலாத்து சொன்ன பதில் என்று ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும். எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 10, வெள்ளி

நோட்டு பெஞ்சில் இருக்கிறது. நான் தொடவில்லை. செல்வபாயும் எடுத்து வைக்கவில்லை. பெஞ்சைச் சுற்றிப் பெருக்கினாள்.

ஜூலை 12, ஞாயிறு

இரண்டாம் ஓலை. ஐயர் வாசிக்கும்போது ஆண்கள் பக்கம் யாரோ செருமினார்கள். பின் இன்னொருவர். பின் ஒரு வரிசை முழுவதும். ஐயர் நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி வாசித்தார்.

எமீமாவை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஹால் அலமாரியில் இருந்த புத்தகங்களைக் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் போட்டு எரித்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். காற்றில் சாம்பல் கல்லறைகள்மேல் ஏறிக்கொண்டிருந்தது. பாதி எரிந்த ஓர் அட்டையைக் காலால் புரட்டினேன். அது நாவல் அல்ல. நான் வகுப்பு நடத்திய காலத்தில் வாங்கி வைத்த சபைச் சரித்திரம். உள்ளே என் கையெழுத்து.

ஜெபத்துரை என் தோளில் கை வைத்தான்.

"அடுத்த ஞாயிறு மூணாம் ஓலை. நான் எழுந்திருச்சுத் தடை சொல்லப் போறேன் மாமா. உபதேசக் குற்றம்னு."

"உபதேசக் குற்றம் கலியாணத்துக்குத் தடை இல்ல. அதுக்குச் சட்டம் கிடையாது."

"சட்டம் எதுக்கு? சபை நடுவுல ஒருத்தன் எழுந்து நின்னாப் போதும். அந்தப் பக்கத்துக்காரங்க பயந்துருவாங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். உங்க புஸ்தகம் பேசும்."

ஜூலை 14, செவ்வாய்

நோட்டைத் திறந்தேன்.

பொய் ஐம்பத்திரண்டு. நான் கண்டது நாற்பத்தொன்று. எண் போட்டு, பக்கம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதில். அவள் பென்சில் கோடும் என் சிவப்புக் கோடும் ஒரே வரிகளின் கீழ்தான் இருக்கின்றன. ஒரே வேலையை இரண்டு பேர் செய்திருக்கிறோம். அவள் பதினொன்று கூடுதலாக.

பதினேழாம் எண்: 'ஓட்டுப் போட்டா வேதத்தைச் சேர்த்தார்கள்? (ஜூன் 14 வகுப்பில் வந்த கேள்வி.)' பதில் ஒன்றரைப் பக்கம். இரண்டு பேர் கையெழுத்துப் போட மறுத்ததுகூட இருக்கிறது. அன்று ஜன்னலில் இன்னும் ஐந்து நிமிஷம் நின்றிருந்தால் கேட்டிருப்பேன்.

கடைசிப் பக்கத்துக்குத் தலைப்பு: 'நாமும் தெரியாமல் சொல்லும் பொய்கள்.' முதலாவது, பிலாத்து கடிதம். பக்கத்தில் சின்ன எழுத்தில்: 'விடுமுறை வேதப் பள்ளியில் பெரியப்பா சொன்னது. அன்று அழுதேன். பொய் என்று தெரிந்தபோதும் அழுதேன். பிள்ளைகளிடம் பெரியப்பா பெயரைச் சொல்ல வேண்டாம்.'

சாப்பிடவில்லை. செல்வபாய் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது சொன்னாள்:

"பொம்பள சாட்சிய முதல்ல ஒருத்தரும் நம்பலன்னு நீங்கதான் எழுதியிருக்கிய."

ஜூலை 15, புதன்

ஒருத்தி சொன்னாள் என்பதற்காக நான் மாறுகிறவன் அல்ல. பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு பழைய நூலகத்தில் மூன்று புத்தகம் எடுத்துத் தரச் சொன்னேன். ஒன்று கத்தோலிக்கர் எழுதியது, ஒன்று நம்மவர், ஒன்று நம்பிக்கையே இல்லாதவர் எழுதியது. மற்ற எல்லாவற்றிலும் அடித்துக்கொள்கிற மூவரும் இதில் ஒன்றாக இருக்கிறார்கள். பிலாத்து எழுதவில்லை.

இருபத்தாறு வருஷமாக அந்தக் கடிதத்தைச் சொல்லி வந்திருக்கிறேன். எத்தனை வகுப்பு, எத்தனை வீட்டு ஜெபம், எத்தனை சாவு வீடு. தபாலில் போலி முத்திரை குத்திய கடிதத்தை முப்பதடி தூரத்தில் கண்டுபிடிப்பேன் என்று பேர் வாங்கியவன் நான்.

உயிர்த்தெழுதலுக்குப் பிலாத்துவின் கடிதம் தேவையே இல்லை. பன்னிரண்டாம் பக்கம் இல்லாமலே என் மறுப்பு நின்றிருக்கும். அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூலை 16, வியாழன்

ஜெபத்துரை கடைக்குப் போனேன்.

"மிச்சப் பிரதியத் திருப்பித் தா."

"எதுக்கு மாமா?"

"பன்னிரண்டாம் பக்கம் தப்பு. பதினாலாம் பக்கமும் தப்பு."

அவன் ஆள்களைச் சிமெண்ட் இறக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டான். குரல் உயரவே இல்லை.

"பன்னிரண்டு யாரும் படிக்கல. அடுத்த பதிப்புல திருத்திக்கிடலாம். பதினாலு தப்புன்னு ஊர்ல எவனுக்கும் தெரியாது. உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்."

"நான் எழுந்து சொல்லுவேன்."

"சொல்லுங்க. வயசாச்சு, மறதி, அந்தப் பிள்ளை வந்து அழுது மனசக் கலைச்சுட்டான்னு நானே உங்களுக்காகப் பேசுதேன். டீ குடிக்கிறியளா?"

குடோன் கதவு திறந்திருந்தது. சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே என் பெயர் மேலே தெரிய அடுக்கி வைத்திருக்கிறான். அடுக்கு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது.

ஜூலை 18, சனி

வேட்டிக்கு இஸ்திரி போட்டேன். செல்வபாய் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்டாள். மூன்று வாக்கியம் என்றேன். காற்று பலமாக இருக்கிறது.

ஜூலை 19, ஞாயிறு

முதல் மணிக்கே போய்விட்டேன். மணிக்கூண்டுப் பலகை விழுந்து படிக்கட்டில் கிடந்தது. எடுத்து ஓரமாக வைத்தேன்.

ஜெபத்துரை இரண்டாம் வரிசையில், மடியில் என் புத்தகம். அவனைச் சுற்றி எனக்குத் தோத்திரம் சொன்ன இளைஞர்கள். எமீமா தாயோடு பெண்கள் பக்கம் தூணருகே. அவர்கள் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. செல்வபாய் மட்டும் போய் உட்கார்ந்தாள்.

ஐயர் அறிக்கைகளை வாசித்தார். பெண்கள் ஐக்கியம், கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்தல், வீட்டு ஜெபங்கள். பின் ஓலைகள். ஒரு ஜோடி. இன்னொரு ஜோடி. நான் எழுந்து நின்றேன், அடுத்தது அதுதான் என்று.

ஐயர் நோட்டை மூடினார்.

ஜெபத்துரை மடியிலிருந்த புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, உக்காருங்க" என்றார் ஐயர்.

"மூணாம் ஓலை வாசிக்கல."

"பொறவு பேசுவோம்."

"ஏன் வாசிக்கலன்னு சொல்லும்."

அவர் மைக்கை விட்டு நகர்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்ல முயன்றார். ஆலயம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நிறுத்தச் சொல்லிட்டாங்க. அந்தச் சபையிலேர்ந்து வெள்ளிக்கிழமை கடிதம் வந்துச்சு. உங்க புஸ்தகத்தையும் உள்ள வச்சு அனுப்பியிருக்காங்க."

தடை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லத் தயார் செய்த மூன்று வாக்கியம் என்னிடம் இருந்தது. கேட்காமலே சொன்னேன். பன்னிரண்டாம் பக்கத்துக் கடிதம் போலி. பதினான்காம் பக்கத்துக் குற்றச்சாட்டு பொய். இரண்டும் நான் எழுதியவை.

முதல் வாக்கியத்திலேயே ஜெபத்துரை ஆர்கன் பக்கம் பார்த்துத் தலையசைத்தான். இரண்டாவது வாக்கியம் பாட்டின் முன்னிசையில் போயிற்று. சபை எழுந்து நின்றது, பாடுவதற்கு. நான் கத்தினேன். கத்துகிறேன் என்றுதான் என்னை முன்பே வகுப்பிலிருந்து எடுத்தார்கள். ஒருவன் என் முழங்கையைப் பிடித்து அன்பாக உட்கார வைத்தான். "தாத்தாவுக்கு மூச்சு வாங்குது, தண்ணி குடுங்க" என்றான்.

எமீமா திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள். பாடினாளா என்று தெரியவில்லை.

ஜூலை 20, திங்கள்

காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கேட்டில் சுரண்டிய இடம் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. எமீமா வாசலுக்கு வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை.

"நேத்து சபையில ஒண்ணு சொன்னேன்."

"கேக்கல பெரியப்பா. ஆர்கன் சத்தம்."

"திருப்பிச் சொல்லுதேன்."

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே."

நோட்டை நீட்டினேன்.

"நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு வகுப்பு இல்ல." பின், உள்ளே பார்த்துவிட்டு, "அம்மா இப்பதான் கண்ணசந்தா. சத்தம் போடாமப் போங்க" என்றாள்.

சத்தம் போடாமல் வந்தேன்.

நாவல் எழுதியவனை யாராவது பிடித்தால் இது கதைதானே என்று சொல்லித் தப்பிவிடுவான். நான் எழுதியது கதை இல்லை என்று நானே அட்டையில் போட்டிருக்கிறேன்.

நாற்பது கடிதம் கையால் எழுதினேன். எல்லாவற்றிலும் அந்த மூன்று வாக்கியம். ஐம்பத்திரண்டு பொய்களுக்கும் சரியான பதில் வேண்டுமென்றால் ஆசிரியை எமீமாவிடம் கேட்கலாம் என்று நான்காவதாக ஒன்று சேர்த்தேன். கேட்பார்களா தெரியாது. ஜெபத்துரை நேற்று மாலை காரில் இன்னொரு கட்டு ஏற்றிக்கொண்டு சாத்தான்குளம் பக்கம் போனானாம். என் கடிதங்கள் நாளை மறுநாள்தான் போய்ச் சேரும்.

மூன்று மணிக்குப் பெட்டி திறக்குமுன் போட வேண்டும். அதற்கு முன் இந்த நோட்டில் ஒரு திருத்தம். ஜூலை 1-இல் கன்னியாகுமரிப் பக்கத்து உறையைக் கடைசியில் எழுதினேன் என்று போட்டிருக்கிறேன். அது சரியல்ல. அது மாப்பிள்ளையின் ஊர் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நாற்பதில் அந்த உறையைத்தான் நான் முதலில் எழுதினேன்.